அழகர் ஆற்றில் இறங்குவதைப் படமெடுக்க ‘பிரஸ்’ கார்டு எதற்கு?

கேள்வி: எனக்கு 61 வயது. வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்று மதுரை திருப்பாலையில் இருக்கிறேன். கேனான் 1500டி கேமராவும் 18-55, 55-250 லென்ஸ்கள் இரண்டும் வைத்திருக்கிறேன். போன சித்திரைத் திருவிழாவில் தல்லாகுளத்தில் இரவு எடுத்த படங்களில் அழகர் முகம் வெள்ளை வெளேரென்று போய்விட்டது. பல படங்களில் குறுக்கே கறுப்புப் பட்டை வேறு. தெரிந்தவர் ஒருவர், 4,500 ரூபாய் கொடுத்தால் ஒரு பத்திரிகையின் ‘பிரஸ்’ கார்டு வாங்கித் தருகிறேன், அதைக் காட்டி வைகை ஆற்றுக்குள்ளேயே போய் எடுக்கலாம் என்கிறார். லென்ஸையும் மாற்றச் சொல்கிறார். என்ன செய்யலாம்?

பதில்: கார்டு வேண்டாம், ஐயா. முன்பணம் கொடுத்திருந்தால் இன்றைக்கே திருப்பிக் கேளுங்கள். உங்கள் படத்தில் வந்த இரண்டு கோளாறும் கேமராவில் ஒன்றிரண்டு எண்ணை மாற்றினால் சரியாகிவிடும். அதைப் பின்னால் சொல்கிறேன். கார்டு விவகாரத்தை முதலில் பேசியாக வேண்டும். பங்குனி பிறந்தாலே இந்த வியாபாரம் சூடு பிடிக்கிறது, ஓய்வுக்காலப் பணத்தில் ஆசையாகக் கேமரா வாங்கியவர்கள்தான் அதில் மாட்டுகிறார்கள்.

பொதுத் தெருவில் புறப்பாடு வரும் சாமியைப் படமெடுக்க யாருடைய கார்டும் தேவையில்லை. ஆற்றுக்குள் போட்டிருக்கும் தடுப்பைத் தாண்டத்தான் அனுமதி வேண்டும். அந்த அனுமதி, அந்த வருடத் திருவிழாவுக்கென்று மாவட்ட நிர்வாகமும் காவல்துறையும் கொடுக்கும் பாஸ் மட்டுமே. பத்திரிகையிலும் டிவியிலும் வேலையில் இருப்பவர்களுக்கு அது அவர்கள் நிறுவனம் வழியாகப் போகிறது. கழுத்தில் என்ன கார்டு தொங்கினாலும், தடுப்பில் நிற்கிற காவலர் கேட்பது இந்தப் பாஸைத்தான்.

தரகர்கள் வழக்கமாகச் சொல்வது, “ஆர்என்ஐ பதிவு பெற்ற பத்திரிகை சார், கவர்மெண்ட் அங்கீகாரம்” என்பது. இதில் பாதி உண்மை, அதனால்தான் ஆட்கள் நம்பிவிடுகிறார்கள். ஆர்என்ஐ என்று அழைக்கப்பட்ட மத்திய அரசின் பத்திரிகைப் பதிவாளர் பதிவு செய்வது பத்திரிகையை. அதில் எழுதுகிறவருக்கோ படமெடுக்கிறவருக்கோ அவர் அடையாள அட்டை கொடுப்பதில்லை. 1867-ஆம் வருடச் சட்டத்தை எடுத்துவிட்டு 2023-இல் புதுச் சட்டம் கொண்டுவந்த பிறகும் இதுதான் நிலைமை. கார்டைக் கையில் வாங்கிப் பாருங்கள்: சிவப்பில் பெரிதாகப் ‘பிரஸ்’, பளபளக்கிற ஒரு ஸ்டிக்கர், மூலையில் நான்கு சிங்க முத்திரை, அடியில் ஒரு வருடக் கெடு. அந்தச் சிங்க முத்திரையைத் தனியார் தங்கள் இஷ்டத்துக்கு அச்சடிப்பதே 2005-ஆம் வருடச் சட்டப்படி குற்றம். அடுத்த வருடம் புதுப்பிக்க மறுபடியும் பணம் கேட்பார்கள். திருவிழாக் கூட்டத்தில் பிடிபட்டால் காவல் நிலையத்தில் உட்காரப் போவது நீங்கள், தரகர் அல்ல.

இந்தத் தரகர்கள் பிழைக்க வழி செய்துகொடுப்பது நிர்வாகம்தான். ஆசைக்குப் படமெடுக்கிற சாதாரண மனுஷனுக்கு விண்ணப்பிக்க ஒரு படிவம் கிடையாது. கேட்டால் இந்த அலுவலகம் அந்த அலுவலகத்தைக் கைகாட்டும், அங்கே போனால் “மேலிடத்தில் கேளுங்கள்” என்று முடித்துவிடுவார்கள். முக்கியஸ்தர்களுக்கு நாற்காலியும் பந்தலும் போட முடிகிறபோது, அடையாள அட்டை பார்த்து ஐம்பது பேர் நின்று படமெடுக்க ஒரு மரமேடை போட முடியாதா? ஒரு சிறு கட்டணம் வைத்தால்கூட ஜனங்கள் சந்தோஷமாகக் கட்டுவார்கள். அதைச் செய்யாதவரை 4,500 ரூபாய்க் கார்டு விற்றுக்கொண்டேதான் இருக்கும்.

அடுத்து மாடி வியாபாரம். ஆழ்வார்புரம் பக்கம் “மொட்டை மாடியில் இடம் பிடித்துத் தருகிறேன்” என்று ஆள் வருவார்கள். ஒரே மாடியைப் பலருக்குப் பேசிவிட்டு அதிகாலையில் ஃபோனை அணைத்துவிடுவது இதில் நடக்கக்கூடியது. வீட்டுக்காரரை நேரில் பார்த்துப் பேசாமல் பணம் கொடுக்க வேண்டாம். பகலில் ஒருமுறை மேலே ஏறி, கைப்பிடிச் சுவர் இருக்கிறதா, முன்னால் மரமோ விளம்பரப் பலகையோ மறைக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் வயதுக்கும் இரண்டு லென்ஸ் பைக்கும் ஆற்றங்கரை சரிப்படாது. அழகர் இறங்குவது காலை ஆறு மணியை ஒட்டி. கரையில் நல்ல இடம் வேண்டுமென்றால் நடுநிசிக்கே போய் நிற்க வேண்டும், நின்ற இடத்தை விட்டு நகர முடியாது. 2022-இல் இந்த நெரிசலில்தான் இருவர் இறந்துபோனார்கள். ஆற்றின் குறுக்கே இருக்கும் ஏவி (ஆல்பர்ட் விக்டர்) பாலமும் படத்துக்கு உதவாது. பாலத்திலிருந்து கிழக்கே பார்த்தால் விடிகிற வெளிச்சம் நேர் எதிரே வரும், குதிரையும் அழகரும் நிழலுருவமாகப் போய்விடும்.

நீங்கள் குறி வைக்க வேண்டியது முந்தின நாள் எதிர்சேவை, அதாவது மதுரைக்கு வரும் அழகரை ஜனங்கள் எதிர்கொண்டு வரவேற்பது. மூன்றுமாவடி உங்களுக்குப் பக்கம்தான். காலையிலேயே அங்கே வந்துவிடும் அழகர், புதூர், ரிசர்வ் லைன் வழியாக நின்று நின்று தல்லாகுளம் போய்ச் சேர இரவாகிவிடும். பகல் முழுக்க வெளிச்சம், ஒரு இடத்தில் தவறவிட்டால் அடுத்த இடத்தில் பிடிக்கலாம். கூட்டம் சாமியைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது நீங்கள் கூட்டத்தையும் பாருங்கள். செம்பில் சர்க்கரை நிரப்பி, வாய்க்கு வாழை இலை கட்டி, அதன்மேல் சூடம் ஏற்றி இரண்டு கையாலும் ஏந்தி நிற்பார்கள். இலையின் ஓரம் சூட்டில் சுருண்டு கருகுவதும், அந்தச் சுடர் கீழிருந்து முகத்தில் விழுவதும் 55-250 லென்ஸுக்கென்றே அமைந்த காட்சி. அதற்கு ஆற்றுக்குள் இறங்க வேண்டியதே இல்லை.

தெருவில் அனுமதி தேவையில்லை என்றேன் அல்லவா, அதற்கு ஒரு விலக்கு உண்டு: மண்டகப்படி, அதாவது வழியில் சாமி தங்கிப் பூஜை ஏற்கிற இடம். இதில் நிறையப் பேர் குழம்பி வாங்கிக் கட்டிக்கொள்வதால் பொறுமையாகக் கேளுங்கள். வழி நெடுக நூற்றுக்கணக்கான மண்டகப்படிகளில் அழகர் எழுந்தருளுகிறார். தெருவிலேயே பந்தல் போட்டிருந்தால் அது தெருதான், வெளியே நின்று எடுக்கலாம். பல்லக்கு ஒரு காம்பவுண்டுக்குள்ளோ, கல்யாண மண்டபத்துக்குள்ளோ, ஒரு சமூகத்தாரின் கட்டடத்துக்குள்ளோ போனால் அது அவர்கள் இடம், மண்டகப்படிக்காரரிடம் கேட்டுவிட்டுத்தான் நுழைய வேண்டும். முந்தின நாளே போய், “அழகர் வரும்போது ஓரமாக நின்று நாலு படம் எடுத்துக்கொள்கிறேன், உங்களுக்கும் பிரிண்ட் போட்டுத் தருகிறேன்” என்று சொன்னால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். சொன்னபடி பிரிண்டைக் கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள், அடுத்த வருடமும் போக வேண்டும். கட்டடம் அவர்களுடையதாக இருந்து, பல்லக்கு வாசலுக்கு வெளியே தெருவில் நின்றாலோ? அது தெருதான், கேட்க வேண்டியதில்லை. ஆனால் அவர்கள் வாசல்படியில் ஏறி நின்று எடுப்பதானால் கேட்க வேண்டும். மண்டகப்படி கோயிலுக்குள் என்றால் யாரையும் கேட்டுப் பிரயோஜனமில்லை. 2018 பிப்ரவரியில் வீரவசந்தராயர் மண்டபம் எரிந்த பிறகு மீனாட்சியம்மன் கோயிலில் செல்ஃபோனுக்குத் தடை வந்தது. 2022 டிசம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தமிழ்நாட்டுக் கோயில்கள் அனைத்திலும் தடை செய்யச் சொல்லிவிட்டது. செல்ஃபோனுக்கே இப்படி என்றால் கேமராவைச் சொல்ல வேண்டியதில்லை, தல்லாகுளம் பெருமாள் கோயில் வாசலைத் தாண்டும்போது கேமராவைப் பைக்குள் வைத்துவிடுங்கள்.

இனி உங்கள் படங்கள். கறுப்புப் பட்டைக்குக் காரணம் மின்விளக்கு. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், பந்தல் விளக்குகளில் பல வினாடிக்கு 100 தடவை மங்கி எரிகின்றன. கண்ணுக்குத் தெரியாது. கேமராவில் ஷட்டர் வேகத்தை 1/500, 1/1000 என்று வைத்தால் ஷட்டர் ஒரு சின்ன இடைவெளியாகச் சென்சாரின் மேல் ஓடும், அது மங்கிய நேரத்தில் கடந்த பகுதி கறுப்புப் பட்டையாகிவிடும். ஓடுகிற ஆள் பொம்மை போட்ட மோடில் வைத்து எடுத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன், அது ஷட்டரைத் தானாகவே வேகப்படுத்தும். இரவில் டயலை எம்-இல் (எல்லா எண்ணையும் நாமே வைக்கிற மோடு) வைத்து ஷட்டரை 1/100-இல் நிறுத்திவிடுங்கள். ஒரு முழுத் துடிப்பு அதற்குள் அடங்கிவிடுவதால் பட்டை விழாது.

1/100 என்றால் பல்லக்கின் ஆட்டம் படத்தில் கலங்கலாகத் தெரியுமே என்பீர்கள். தெரியும். அதனால் ஆடிக்கொண்டு வரும்போது எடுக்காமல், பல்லக்கைச் சுமக்கும் சீர்பாதம் தாங்கிகள் தோள் மாற்ற நிற்கிற நேரத்திலும் தீபாராதனை காட்டுகிற நேரத்திலும் எடுங்கள். ஒவ்வொரு நிறுத்தத்திலும் அப்படிச் சில நொடிகள் கிடைக்கும். ஜூம் செய்யாமல், லென்ஸிலுள்ள ஸ்டெபிலைசர் (கை நடுக்கத்தைக் குறைப்பது) ஆன் ஆகியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

முகம் வெளுத்ததற்குக் காரணம் வேறு. சுற்றிலும் இருட்டு, நடுவில் ஃபோகஸ் லைட் பட்ட தங்கம். கேமரா மொத்தக் காட்சியையும் பார்த்துவிட்டு “இருட்டாக இருக்கிறது” என்று நினைத்து வெளிச்சத்தைக் கூட்டிவிடும், தங்கம் எரிந்துபோகும். எம் மோடில் ஷட்டர் 1/100, லென்ஸின் திறப்பு எஃப்4, கேமராவின் ஒளியுணர்வு ஐஎஸ்ஓ 1600 என்று தொடங்கி ஒரு படம் எடுத்து, திரையில் இன்ஃபோ பட்டனை அழுத்திப் பாருங்கள். எரிந்த இடம் கறுப்பாகச் சிமிட்டும். முகத்தில் சிமிட்டினால் ஐஎஸ்ஓவை 800-க்கு இறக்குங்கள். பட்டும் மாலையும் கொஞ்சம் இருண்டு தெரிந்தால் பரவாயில்லை. ‘ரா’ ஃபைலாக, அதாவது கேமரா மெருகேற்றாத மூலப் பதிவாக எடுத்திருந்தால் இருட்டைப் பிறகு கம்ப்யூட்டரில் தூக்கிவிடலாம். வெளுத்துப்போனதை யாராலும் மீட்க முடியாது. ஃபோகஸுக்கு நடுப்புள்ளியை மட்டும் பயன்படுத்துங்கள், 1500டி-யில் அதுதான் கூர்மையானது. அதைப் பளபளக்கிற தங்கத்தின் மேல் வைக்காமல் மாலையின் விளிம்பிலோ பட்டின் சரிகைக் கரையிலோ வையுங்கள். ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம்.

எதிர்சேவைப் பகலில் கணக்கு தலைகீழ். சித்திரை வெயில் பின்னால் கொளுத்தும், பல்லக்குக்குள் அழகர் முகம் நிழலில் இருக்கும். திறப்பை நாம் வைக்க, ஷட்டரைக் கேமராவே பார்த்துக்கொள்ளும் ஏவி மோடில் எக்ஸ்போஷரை +2/3 அல்லது +1 கூட்டினால்தான் முகம் துலங்கும். இரவுக்கு மாறும்போது இதைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவர மறக்காதீர்கள்.

லென்ஸைப் பொறுத்தவரை, உங்களிடம் இருப்பதிலேயே ஒரு வித்தை இருக்கிறது. எஃப் எண் குறையக் குறையத் திறப்பு பெரிது. 18-55 லென்ஸை 55-க்குக் கொண்டுபோனால் எஃப்5.6 வரைதான் திறக்கும். அதே 55-இல் உங்கள் 55-250 லென்ஸ் எஃப்4 வரை திறக்கும், அதாவது இரண்டு மடங்கு வெளிச்சம். அதனால் இரவில் 55-250-ஐ மாட்டி, ஜூம் செய்யாமல் வைத்துக்கொண்டு ஓரடி முன்னேபின்னே நகர்ந்து எடுங்கள். அப்படியும் போதாது, வாங்கியே ஆக வேண்டும் என்றால் 50 எம்எம் எஃப்1.8 போதும், கேனான் லென்ஸ்களிலேயே மலிவானவற்றில் ஒன்று. எஃப்2-இல் வைத்தால் எஃப்5.6-ஐவிட எட்டு மடங்கு வெளிச்சம் வரும். தரகரின் கார்டு என்ன தந்துவிடும்? வாங்கும்போது பில்லும் இந்திய வாரண்டியும் கேளுங்கள். “பில் இல்லாமல் ரெண்டாயிரம் குறைச்சுக்கலாம்” என்றால் கடையை விட்டு வெளியே வந்துவிடுங்கள்.

கடைசியாகத் தண்ணீர். ஆட்டுத்தோல் பையில் பீய்ச்சுகிறவர்கள் வழியெங்கும் இருப்பார்கள், சிலர் பிரஷர் பம்பும் வைத்திருப்பார்கள். 1500டி-க்கு நீர்க்காப்பு எதுவும் கிடையாது. கெட்டியான, உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் பையின் அடியில் லென்ஸ் அளவுக்கு ஓட்டை போட்டு, லென்ஸ் ஹூட்டின் மேல் ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டுங்கள். வெளியே நின்று லென்ஸ் மாற்றக் கூடாது. ஏசி காரிலிருந்து இறங்கினால் அரைமணி நேரம் கேமரா பைக்குள்ளேயே இருக்கட்டும், இல்லாவிட்டால் கண்ணாடி வியர்த்துவிடும். மீறி நனைந்துவிட்டால் உடனே அணைத்து, பேட்டரியையும் மெமரி கார்டையும் எடுத்துவிடுங்கள். சிலிக்கா ஜெல் பாக்கெட்டுகளோடு மூடிய டப்பாவில் இரண்டு நாள் வையுங்கள். “வேலை செய்கிறதா” என்று நடுவில் ஆன் செய்து பார்ப்பதுதான் நனைந்த கேமராவைக் கொல்கிறது. அரிசிக்குள் புதைக்காதீர்கள், தவிட்டுத்தூள் உள்ளே போகும்.

சித்திரைக்கு முன்னால் உங்கள் பக்கத்துக் கோயிலில் எந்தச் சாமி இரவில் புறப்பாடானாலும் 1/100, எஃப்4, ஐஎஸ்ஓ 1600 வைத்து ஐம்பது படம் எடுத்துப் பாருங்கள். எதில் சிமிட்டியது, எதில் ஆடியது என்று குறித்து வையுங்கள். எதிர்சேவையன்று தவறவிட்டதற்கு இன்னும் ஒரு வாய்ப்பும் உண்டு: ஊர் திரும்புவதற்கு முன் தல்லாகுளத்திலிருந்து அழகர் பூப்பல்லக்கில் வருவார். அப்போது கூட்டம் ஆற்றங்கரை அளவுக்கு இருக்காது, விளக்கும் தங்கமும் இதே எண்களுக்குத்தான் அடங்கும்.