சில்லறைக் காசில் எழுத்து இரண்டாகத் தெரிந்தால் அது இரட்டை அச்சுப் பிழையா?

காரைக்குடியில் காய் வாங்கிய மீதிச் சில்லறையில் ஓர் ஐந்து ரூபாய்க் காசு. ஆண்டு எண்ணுக்குப் பக்கத்தில் நிழல் மாதிரி இன்னொரு எண். இது இரட்டை அச்சா என்பதுதான் கேள்வி.

இரட்டை அச்சு என்றால், காசை அடிக்கும் அச்சிலேயே உருவம் இரண்டாகப் பதிந்திருப்பது. காசின் உருவம் மேடாக உள்ள தாய் அச்சை வெற்று எஃகில் அழுத்தித்தான் அந்த அச்சைச் செய்கிறார்கள். ஒரே அழுத்தில் முழுதாகப் பதியாமல் திரும்ப அழுத்தும்போது, மயிரிழை விலகினாலும் போதும்.

ஆத்தங்குடிக் கல் போடுவதைப் பார்த்திருப்பீர்கள். கண்ணாடி மேல் தகட்டு அச்சை வைத்துக் கட்டம் கட்டமாக வண்ணச் சாந்து ஊற்றுவார்கள். தகடு கோணலாக இருந்தால் அதில் போடும் எல்லாக் கல்லிலும் அதே கோணல். அச்சைத் தூக்கும்போது கை ஆடினால் அந்த ஒரு கல்தான் கெடும். காசிலும் இந்த இரண்டு வகையும் உண்டு.

சரி, எப்படிப் பிரித்தறிவது? பத்து மடங்கு லென்ஸ் போதும். அசல் இரட்டை அச்சில் இரண்டாவது உருவமும் உருண்டு, முதலாவதைப் போலவே மேடாக நிற்கும். எழுத்து தடித்து, முனைகள் பிளந்து தெரியும். அடிக்கும்போது அச்சு ஆடியிருந்தால், எழுத்தோரம் தட்டையாக நசுங்கிப் படிக்கட்டு போலிருக்கும், எழுத்து மெலிந்துவிடும். நம் கைக்கு வருவதில் பெரும்பாலும் இந்த இரண்டாவது வகைதான், அதற்குத் தனி மதிப்பில்லை. 1955ஆம் ஆண்டின் அமெரிக்க ஒரு சென்ட் காசு அசல் வகைக்குப் புகழ்பெற்றது. அதில் ஆண்டு இரண்டாக இருப்பது வெறுங்கண்ணுக்கே தெரியும்.

காசை இரண்டு முறை அடித்ததால் வந்தது என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை, காசு ஒரே முறைதான் அடிபட்டது, இரண்டு முறை அழுத்தப்பட்டது அச்சு.