கோபேல வழி கேட்டா மலையக் காட்டுவாங்க: கேள்வி பதில்

பதினோரு வருஷமா ஜப்பான்ல கோபே ஊர்ல இருக்கேன், நாடா வட்டாரத்துல வீடு. ஊருக்கு வர்றவங்களும் இங்க வேலை, படிப்புன்னு குடிவர்றவங்களும் தனித்தனியா கேட்டுட்டே இருக்கீங்க, ஒரே கேள்விக்கு ஒன்பது தடவ பதில் எழுதி கை வலிக்குது, அதான் எல்லாத்தையும் ஒரே இடத்துல போட்டுட்டேன்.

கேள்வி (நாலு பேர் கோஷ்டி): அக்கா, ஒசாகால தங்கறோம். கோபேக்கு ஒரே ஒரு நாள்தான். எங்க ஆரம்பிக்கறது?

மலைல ஆரம்பிச்சு கடல்ல முடிங்க தம்பி. இந்த ஊரோட சூட்சுமமே அவ்ளோதான். வடக்க ரொக்கோ மலை, தெக்க கடல், நடுவுல ஒடுக்கமா ஒரு பட்டை, அதுல முழு ஊரும் நெருக்கியடிச்சு உக்காந்திருக்கு. இங்க யாரும் வடக்கு தெற்குன்னு சொல்ல மாட்டாங்க, யாமாகாவா, உமிகாவாம்பாங்க, மலைப்பக்கம் கடல்பக்கம்னு அர்த்தம். பெரிய டிபார்ட்மென்ட் ஸ்டோருக்குள்ள கூட மலைப்பக்கம்னு போர்டு இருக்கும். போன்ல மேப் சுத்தினாலும் கவலப்படாதீங்க, தலைய நிமித்தினா மலை தெரியும், அதுதான் வடக்கு.

ஊர் நடுவுல இருக்கற சன்னோமியா ஸ்டேஷன்ல இறங்கி சப்வேல ஒரே ஸ்டேஷன், ஷின்-கோபே. புல்லட் ரயில் ஸ்டேஷனுக்கு அடில புகுந்து பின்பக்கமா போனா பதினஞ்சு நிமிஷ ஏத்தத்துல நுனோபிகி அருவி, பெரிய அருவி 43 மீட்டர். பின்னாடி புல்லட் ரயில், முன்னாடி காடு, எத்தன தடவ போனாலும் எனக்கு இது நம்பவே முடியாது. தெம்பு இருந்தா இன்னும் கொஞ்சம் ஏறுங்க, 1900ல கட்டுன அணை இருக்கு, தன் எடையாலயே தண்ணியத் தாங்கி நிக்கற கான்க்ரீட் அணைல ஜப்பானோட முதல் அணை அதுதான். அந்தக் காலத்துல கப்பல்காரங்க இந்த மலைத்தண்ணிய விரும்பி ரொப்பிட்டுப் போவாங்களாம், பூமத்திய ரேகை தாண்டினாலும் கெடாதுன்னு பேரு.

அங்கேர்ந்து இறங்கி கித்தானோ. வெளிநாட்டு வியாபாரிங்க கட்டுன பழைய வீடுங்க நெறைய, எல்லாத்துக்கும் டிக்கெட் எடுத்தா பர்ஸ் காலி, ஒண்ணு ரெண்டு போதும். வெளிர்பச்சையா ஒரு வீடு இருக்கு, 1903ல அமெரிக்க கான்சல் ஜெனரலுக்காகக் கட்டினது. வீட்ட விட அதோட தோட்டத்தப் பாருங்க, 1995 நிலநடுக்கத்துல கூரைலேர்ந்து விழுந்த செங்கல் புகைபோக்கிய விழுந்தபடியே வெச்சிருக்காங்க. அப்புறம் இகுத்தா கோயில், கடைத்தெரு மோத்தொமாச்சி, சீனத்தெரு நான்கின்மாச்சி, கடைசியா துறைமுகம். அங்க செவப்பா இடுப்பு ஒடுங்கி நிக்கறது போர்ட் டவர், 108 மீட்டர், 1963ல கட்டினது. ஜப்பான்காரங்க அத அவங்க ஊர் ட்சுசுமி மேளம் மாதிரிம்பாங்க, நமக்கு சாட்சாத் உடுக்கைதான்.

கேள்வி (ரயில் பைத்தியம்): ஒசாகாலேர்ந்து மூணு ரயில் லைன் காட்டுது. எதுல வரணும்?

மூணும் பக்கத்துப் பக்கத்துல ஓடுது. மலையோரமா ஹாங்க்யூ, நடுவுல ஜேஆர், கடலோரமா ஹான்ஷின். சீக்கிரம் வேணும்னா ஜேஆர்ல ஷின்கைசோகுன்னு போட்ட வண்டி, சன்னோமியாக்கு இருபது நிமிஷம் சொச்சம். காசு மிச்சம் பண்ணணும்னா மத்த ரெண்டுல ஒண்ணு, ஒரு பத்து நிமிஷம் கூட ஆகும். நான் ஹாங்க்யூ கட்சி, பச்ச சீட்டும் அந்த மெரூன் கலரும் பாத்தாலே ஒரு சந்தோஷம். இகோகா கார்டு ஒண்ணு வாங்கிட்டா மூணுலயும் செல்லும், பஸ்லயும் செல்லும். பஸ்ல மட்டும் பின்வாசல்ல ஏறி முன்வாசல்ல காசு குடுத்து இறங்கணும், முன்னாடி ஏறப்போனா டிரைவர் பாவமா பாப்பாரு.

கேள்வி (காஞ்சிபுரம் இட்லி): அங்க நம்ம நாட்டுக்காரங்க பழைய காலத்துலேர்ந்தே இருக்காங்களாமே, நெசமா?

நெசம்தான் சார். 1868ல துறைமுகத்த தொறந்து விட்டாங்க, அதுக்கப்புறம் வந்தவங்கள்ல இந்திய வியாபாரிங்களும் உண்டு. யோகோஹாமால கூட்டமா இருந்தாங்க, 1923ல அந்தப் பெரிய நிலநடுக்கம் வந்து அந்த ஊரே நாசமானதும் நெறைய பேர் இங்க வந்துட்டாங்க. சிந்திக்காரங்க துணி வியாபாரம், குஜராத்தி ஜைனருங்க முத்து. அதனாலதான் கித்தானோ தெருவுல திடீர்னு வெள்ளப் பளிங்குல ஒரு ஜைனக் கோயில், 1985ல வந்தது. ஊர்ல குருத்வாராவும் உண்டு. கித்தானோலேர்ந்து கொஞ்சம் கீழ எறங்கினா மசூதி, ஜப்பான்லயே முதல் மசூதி, 1935. போர்ல குண்டு போட்டப்பவும் நின்னுச்சு, 1995லயும் நின்னுச்சு. மசூதியச் சுத்தி ஹலால் மளிகைக் கடைங்க, உளுந்து, துவரம்பருப்பு, புளி எல்லாம் கெடைக்கும். தமிழ் ஆளுங்க பழைய கூட்டத்துல கம்மி, இப்ப படிக்கவும் வேலைக்கும் வர்றவங்கதான்.

கேள்வி (சுத்த சைவம்): அக்கா, பட்டினி கெடக்கணுமா?

கறி, மீன் கண்ணுக்குத் தெரியும், ஒதுக்கிடலாம். தாஷி தெரியாது, அதுதான் வில்லன். காஞ்ச மீனச் சீவி வேக வெச்ச தண்ணி, உதோன் நூடுல்ஸ் சாறுலயும் இருக்கும், மிசோ சூப்லயும் இருக்கும், தோஃபுக்கு மேல ஊத்துற சாஸ்லயும் இருக்கும். நான் வந்த புதுசுல ஆறு மாசம் இனாரி சுஷி, அதான் பொரிச்ச தோஃபு பைக்குள்ள சோறு, சைவம்னு நெனச்சு தின்னுட்டு இருந்தேன், அந்தப் பையை வேக வெக்கறதே பெரும்பாலும் தாஷிலதான்னு அப்புறம்தான் தெரிஞ்சுது, சரி போகட்டும். கடைல "நிகு மோ சகானா மோ தாபெமாசேன், தாஷி மோ தமே தெசு"ன்னு சொல்லுங்க. கறி மீன் சாப்பிட மாட்டேன், தாஷியும் கூடாதுன்னு அர்த்தம். பாதி கடைல மன்னிப்பு கேட்டு அனுப்பிடுவாங்க, அதுவே பெரிய உதவின்னு நெனச்சுக்கோங்க. கித்தானோ, சன்னோமியால இந்தியச் சாப்பாட்டுக் கடை உண்டு, பெரும்பாலும் வடக்கத்திச் சமையல். இந்த ஊர் பேக்கரிக்குப் பேர் போனது, ரொட்டிய வெச்சே ஒரு நாள் ஓட்டலாம்.

கேள்வி (அதே கோஷ்டில ஒருத்தன்): எனக்கு கோபே பீஃப் திங்கணும். மாட்டுக்கு பீர் குடுத்து மசாஜ் பண்ணுவாங்களாமே?

அது சும்மா கட்டுக்கதப்பா. ஹ்யோகோ மாநிலத்துல வளந்த தஜிமா மாட்டு வகையா இருக்கணும், கொழுப்பு ஓடுற அளவுல குறிப்பிட்ட தரம் தேறணும், அப்பதான் அந்தப் பேர் வெக்க விடுவாங்க. ஒவ்வொரு மாட்டுக்கும் பத்து இலக்க நம்பர் இருக்கு, நல்ல கடைல அத எழுதியே வெச்சிருப்பாங்க. ராத்திரி போகாத, மத்தியானம் போ, அதே கறி வெலை கம்மி. நான் சாப்பிடறதில்ல, ருசி கேக்காத.

கேள்வி (மொட்டைமாடி): ராத்திரி வியூ பாக்க எந்த மலை?

மாயா மலை. பேரப் பாத்தீங்களா, நெசமாவே புத்தரோட அம்மா மாயாதேவி பேருதான். மேல தென்ஜோஜின்னு ஒரு கோயில், அங்க மாயாதேவி செலை வெச்சு கும்பிடறாங்க, புள்ளத்தாச்சிங்க வந்து வேண்டிக்குவாங்க. பழைய கோயில் 1976ல தீப்பிடிச்சு போச்சு, இப்ப இருக்கறது அதுக்கப்புறம் கட்டினது. கேபிள் காரும் ரோப்வேயும் மாறி மேல போனா கிகுசெய்தாய்னு ஒரு மேடை, நட்சத்திரத்த அள்ளுற எடம்னு அர்த்தம். 700 மீட்டர் ஒசரத்துலேர்ந்து பாத்தா கோபேலேர்ந்து ஒசாகா வரைக்கும் வெளக்கு, நடுவுல கறுப்பா கடல். ஒரு எச்சரிக்க: செவ்வாக்கிழம பொதுவா லீவு, சாதாரண நாள்ல சாயங்காலமே கடைசி வண்டி போயிடும், வெள்ளி சனி ஞாயிறுதான் ராத்திரி வரைக்கும் ஓடும். நேரம் பாக்காம ஏறினீங்கன்னா இருட்டுல காட்டு வழியா நடந்துதான் இறங்கணும்.

கேள்வி (வெக்கப்படுறவ): அக்கா அரிமா வெந்நீர் ஊத்துக்கு ஆசையா இருக்கு, ஆனா துணியில்லாம குளிக்கணுமாமே...

ஆமாம்மா, வேற வழியில்ல. ஆம்பள பொம்பள தனித்தனி, உள்ள யாரும் யாரையும் பாக்கறதில்ல, பக்கத்துல பாட்டிங்க வெயில் மழ பேசிட்டிருப்பாங்க. மொதல்ல சின்ன முக்காலில உக்காந்து சோப்பு போட்டு நல்லா குளிச்சிட்டு அப்புறம்தான் தொட்டிக்குள்ள எறங்கணும், முடி தண்ணில படக்கூடாது, சின்னத் துண்ட மடிச்சு தலைல வெச்சுக்கணும். அஞ்சாவது நிமிஷம் வெக்கம் போயிடும், சத்தியமா. அரிமால ரெண்டு வகை தண்ணி, அதுல ஒண்ணு கின்சென், கின்னா தங்கம், கின்-னோ-யுங்கற பொதுக் குளியல் கூடத்துல வர்றது அது, பூமிலேர்ந்து தெளிவா வந்து காத்துப் பட்டதும் இரும்பு துருப்பிடிச்சு செம்மண் கரைசல் மாதிரி ஆயிடும். வெள்ளத் துண்டு கொண்டு போகாத, என்னோடது போன வருஷம் போய் இன்னும் காவித்துணியாதான் இருக்கு. கின்-னோ-யு தண்ணி சூடு ஜாஸ்தி, பத்து நிமிஷத்துல வெளிய வந்துடு. பச்சை குத்தியிருந்தா நிறைய எடத்துல விடமாட்டாங்க, முன்னாடியே கேட்டுக்கோ.

கேள்வி (செப்டம்பர்ல குடிவர்றேன்): வணக்கம் அக்கா, வேலை கெடச்சிருக்கு. வீடு எங்க பாக்கலாம்? மொத வாரம் என்னென்ன பண்ணணும்?

வாழ்த்துக்கள் தம்பி. வாடகைக்கும் மலை, கடல் கணக்குதான். எங்க வட்டாரத்துல மேல ஹாங்க்யூ ரொக்கோ, நடுவுல ஜேஆர் ரொக்கோமிச்சி, கீழ ஹான்ஷின் ஷின்சாய்கே, மேலேர்ந்து கீழ நடந்தே வந்துடலாம். மேல போகப் போக அமைதி, வாடகையும் ஏறும், கீழ போகப் போக மலிவு, ஹைவே சத்தம். மேல வீடு எடுத்தா காலைல ஜாலியா எறங்கிடுவ, சாயங்காலம் அரிசி மூட்டையோட ஏறும்போதுதான் என்ன நெனச்சுக்குவ. இங்க சாதா சைக்கிள் வேலைக்காகாது, பாட்டரி வெச்சதுதான்.

நான் வீடு தேடினப்ப நாலு எடத்துல வெளிநாட்டுக்காரங்களுக்கு இல்லன்னு மொகத்துக்கு நேரா சொன்னாங்க, அதுலயும் ஒரு ஏஜென்ட் என் எதிர்லயே போன்ல "ஆனா ஜப்பானீஸ் நல்லா பேசறாங்க"ன்னு ஓனர்கிட்ட கெஞ்சினாரு, அப்பவும் நடக்கல. அழுகையா வந்துச்சு. கடைசில யூஆர்னு அரசாங்கம் சார்ந்த குடியிருப்புல கெடச்சுது, ஓனருக்கு நன்றிப்பணம் கெடையாது, ஜாமீன்தாரர் வேணாம், ஏஜென்ட் கமிஷனும் இல்ல, சம்பளக் கணக்கு சரியா இருந்தா போதும். எந்த வீடானாலும் கட்டடம் 1981 ஜூனுக்கு அப்புறம் அனுமதி வாங்கினதான்னு மட்டும் கேட்டுடு, நிலநடுக்கத்துக்கான புது விதி அப்பதான் வந்துச்சு.

குடிவந்த 14 நாளுக்குள்ள ரெசிடென்ஸ் கார்டோட வார்டு ஆபீஸ் போய் அட்ரஸ் பதியணும். கம்பெனி இன்சூரன்ஸ் இல்லன்னா அங்கயே ஹெல்த் இன்சூரன்ஸும் போட்டுடு, ஆஸ்பத்திரி பில்லுல 30 சதவீதம்தான் நீ கட்டணும். அப்புறம் குப்பை. மாநகராட்சி பேர் போட்ட பைதான் வாங்கணும், எரியறது, எரியாதது, பிளாஸ்டிக், பாட்டில் டப்பா எல்லாத்துக்கும் வேற வேற பை, வேற வேற நாள், காலைல 5லேர்ந்து 8க்குள்ள தெருமுனைல வெக்கணும். வல போட்டு மூடு, இல்லன்னா காக்கா கிழிச்சிடும். தப்பா வெச்சா ஸ்டிக்கர் ஒட்டி அங்கயே விட்டுட்டுப் போயிடுவாங்க, தெருவே பாக்கும்.

கேள்வி (அவன் அம்மா): என் பையன்தான் மேல கேட்டவன். நிலநடுக்கம்னு கேட்டாலே எனக்கு வயித்தக் கலக்குதும்மா. பயமில்லையா?

பயம் இருக்கும்மா, பொய் சொல்ல மாட்டேன். 1995 ஜனவரி 17, காலைல 5:46. மொத்தம் 6,434 பேர் போனாங்க. முக்காவாசி பேர் தூக்கத்துல, வீடு இடிஞ்சோ பீரோ விழுந்தோ. எங்க பக்கத்து வீட்டம்மா அப்ப சின்னப் பொண்ணு, இன்னிக்கும் கட்டிலுக்கு அடில செருப்பு வெச்சுட்டுதான் படுப்பாங்க, கண்ணாடி கொட்டிக் கெடந்தா வெறுங்காலோட ஓட முடியாதுல்ல. அவங்க சொல்லித்தான் நானும் வெக்கறேன். 2018 ஜூன்ல ஒசாகா பக்கம் காலைல எட்டு மணிக்கு ஆடினப்ப நான் ரயில்ல இருந்தேன், எல்லார் போனும் ஒரே நேரத்துல அலறுச்சு, ரயில் நின்னுச்சு, யாரும் கத்தல, வரிசையா எறங்கி தண்டவாளம் ஓரமா நடந்தோம்.

பையன்கிட்ட மூணு சொல்லுங்க. பீரோவ செவத்தோட மாட்டணும், தலைமாட்டுல டார்ச் இருக்கணும், பக்கத்துல எந்த ஸ்கூல் அடைக்கலம்னு முன்னாடியே பாத்து வெக்கணும். அவன் மெரிக்கன் பார்க் போனா அங்க ஒடஞ்ச துறைமுகக் கரைய ஒரு 60 மீட்டர் அப்படியே விட்டு வெச்சிருக்காங்க, கல்லு பொளந்து, வெளக்குக் கம்பம் சாஞ்சு தண்ணிக்குள்ள நிக்கும். அத ஒரு தடவ பாத்தா பீரோவ தானா மாட்டிடுவான்.

கேள்வி (மொட்டைமாடி): தெருவுல காட்டுப்பன்னி வருமாமே, உருட்டாதீங்க அக்கா!

உருட்டல. மலையோரத் தெருவுல ராத்திரி குட்டியோட குடும்பமா வரும். அதுங்களுக்குத் தீனி போடக்கூடாதுன்னு மாநகராட்சி சட்டமே இருக்கு. பிளாஸ்டிக் பை சத்தம் கேட்டா சாப்பாடுன்னு கிட்ட வரும், ஓடாதீங்க, பைய மறச்சுட்டு மெதுவா பின்வாங்குங்க. நான் ஒரு தடவ வெங்காயப் பைய விட்டுட்டு வந்தேன், அது மோந்து பாத்துட்டு வேணாம்னு போயிடுச்சு.

கேள்வி (அவன் அம்மா): கடைசியா ஒண்ணும்மா. சாம்பார் பொடி, ஊறுகாய், கறிவேப்பிலை குடுத்து அனுப்பட்டுமா?

பொடி, ஊறுகாய் தாராளமா, ஆனா கருவாடு தவிர கறி சேந்த எதுவும் வேணாம், ஊறுகாய்லயும் மட்டன் சிக்கன் கூடாது. பச்ச கறிவேப்பிலைக்கு சர்டிபிகேட் இல்லன்னா ஏர்போர்ட்லயே வாங்கி வெச்சுக்குவாங்க. அதுக்கு அவன் எங்கிட்ட வரட்டும், பால்கனில தொட்டில ஒரு செடி இருக்கு. குளிர்ல எலையெல்லாம் கொட்டி குச்சியா நிக்கும், செப்டம்பர்ல நல்லா இருக்கும், ரெண்டு கொத்து பறிச்சு வெக்கறேன்.