பழைய மழைக்கணக்கும் ஒரு கணிப்புதான்

கேள்வி: நாளை மழை வருமா என்பதையே உறுதியாகச் சொல்ல முடியாதவர்கள், 2050-இல் என்ன நடக்கும் என்று சொல்வதை நம்பி, நகரங்கள் வடிகாலுக்கும் வெள்ளத் தடுப்புக்கும் மக்கள் பணத்தைக் கொட்டுவது சரியா?

பதில்: 2050-இல் இன்ன தேதியில் மழை வரும் என்று காலநிலை ஆய்வாளர் எவரும் சொல்வதில்லை, சொன்னால் நானும் உங்களோடு சேர்ந்து சிரிப்பேன். பெருமழையின் அளவும் அது வரும் தடவைகளும் சில பத்தாண்டுகளில் எப்படி மாறும் என்பதே அவர்களுடைய கணக்கு. வடிகால் கட்டும் பொறியாளருக்குத் தேவைப்படுவதும் அதுவே.

அந்தப் பொறியாளர் இன்றைக்கும் ஒரு கணிப்பை நம்பித்தான் குழாயின் விட்டத்தை முடிவு செய்கிறார். அவர் மேசையில் இருக்கும் மழை அட்டவணை பழைய பதிவுகளிலிருந்து எடுத்தது. அதில் 'நூறாண்டு மழை' என்று குறித்திருப்பது, எந்த ஓர் ஆண்டிலும் வருவதற்கு 1 விழுக்காடு வாய்ப்புள்ள மழை. (முப்பதாண்டு வீட்டுக்கடனை அடைத்து முடிப்பதற்குள் அது ஒரு முறையேனும் வர ஏறத்தாழ 26 விழுக்காடு வாய்ப்பு உண்டு; கடன் வாங்கும்போது யாரும் இதைச் சொல்வதில்லை.) வெப்பநிலை 1 டிகிரி செல்சியஸ் கூடினால் காற்று ஏறத்தாழ 7 விழுக்காடு கூடுதலாக நீராவியைக் கொள்ளும், அதனால் பெருமழையும் வலுக்கும் என்பது நெடுங்காலமாக அறிந்த இயற்பியல். அப்படியிருந்தும் அட்டவணையைத் திருத்தாமல் விட்டால், பாட்டனார் காலத்து வானமே இனியும் பெய்யும் என்று பந்தயம் கட்டுகிறோம் என்று பொருள்.

டென்மார்க் தலைநகர் கோபன்ஹேகனில் 2011 ஜூலை 2 அன்று இரண்டு மணி நேரத்துக்குள் 100 மில்லிமீட்டருக்கும் மேல் கொட்டித் தீர்த்தது. மறு ஆண்டே அந்நகரம் மேகவெடிப்புக்கென்று தனித் திட்டம் வகுத்தது. எல்லாக் குழாய்களையும் பெரிதாக்குவதற்குப் பதிலாக, தெருக்களையும் பூங்காக்களையும் சில மணி நேரம் நீர் தேங்குவதற்கேற்ப மாற்றத் தொடங்கினார்கள். எங்கவேபார்க்கன் என்ற பழைய பூங்காவைச் சுற்றித் தாழ்ந்த சுவர் எழுப்பியிருக்கிறார்கள். மற்ற நாள்களில் மக்கள் வந்துபோகும் அந்த இடமே பெருமழையன்று குளமாகிவிடும்.

கணிப்பு பிழைத்தால் என்ன செய்வது என்ற உங்கள் ஐயம் நியாயமானது. உலகின் காலநிலையைக் கணினியில் கணக்கிடும் மாதிரிகள் பலவும் பூமியை ஏறத்தாழ 100 கிலோமீட்டர் கட்டங்களாகப் பிரித்தே பார்ப்பதால், அவற்றை மட்டும் வைத்துக்கொண்டு தெருத்தெருவாக வண்ணம் தீட்டிய வரைபடத்தை நீட்டும் ஆலோசகரைச் சந்தேகிக்கத்தான் வேண்டும். வெப்பநிலை குறித்த முடிவுகளுக்கு இருக்கும் உறுதி, ஓர் ஊரின் மழை குறித்த முடிவுகளுக்கு இல்லை. இதற்கு லண்டன் கண்ட வழி எனக்குப் பிடித்திருக்கிறது. 2012-இல் வெளியான, வெள்ளத் தடுப்புக்கான தேம்ஸ் கழிமுகத் திட்டம் ஒரே எண்ணை நம்பி எல்லாவற்றையும் உடனே கட்டிவிடச் சொல்லவில்லை. கடல்மட்டம் எவ்வளவு உயர்ந்தால் எந்தப் பணியைத் தொடங்குவது என்று வகுத்து, உயர்வை அளந்து, பத்தாண்டுக்கு ஒரு முறை திட்டத்தை மறுபடியும் பார்க்கச் சொன்னது.

உங்கள் ஊரில் புதிய வடிகாலுக்கு ஒப்பந்தப்புள்ளி கோரினால், எவ்வளவு செலவு என்று கேட்பதோடு நிறுத்திவிடாமல், எந்த ஆண்டு வரையிலான மழைப்பதிவைக் கொண்டு அதை வடிவமைத்தார்கள் என்றும் கேளுங்கள்.