நினைவகத்தில் தரவை எந்த வடிவில் வைப்பது?

கேள்வி: எங்கள் நிரல் தரவுத்தளத்திலிருந்து வாடிக்கையாளர்களையும் ஆர்டர்களையும் இரண்டு பட்டியல்களாக எடுத்து, ஒவ்வோர் ஆர்டருக்கும் உரிய வாடிக்கையாளரைத் தேடிப் பொருத்துகிறது. பதிவுகள் பெருகப் பெருக வேகம் குறைகிறது. ஹாஷ் டேபிளுக்கு (ஒரு மதிப்பைக் கொடுத்ததும் அதற்குரிய பதிவை நேரடியாகத் தரும் அமைப்பு) மாறுவதா, மர அமைப்புக்கு (பதிவுகளை வரிசை குலையாமல் கிளைகளாக வைக்கும் அமைப்பு) மாறுவதா?

பதில்: பொருத்தும் வேலையை நிரல்தான் செய்ய வேண்டுமா என்பதை முதலில் பாருங்கள். இரண்டு அட்டவணைகளும் ஒரே தரவுத்தளத்தில் இருந்தால், ஜாயின் (இரண்டு அட்டவணைகளைப் பொருத்தி இணைக்கும் கட்டளை) கொண்ட ஒரே வினவல் போதும். தேடலை விரைவாக்கும் இண்டெக்ஸ்களையும் அட்டவணைகளின் அளவையும் அறிந்த தரவுத்தளம் அதைப் பெரும்பாலும் நம்மைவிட நன்றாகவே செய்யும். ஒரு பக்கத்துத் தரவு கோப்பிலிருந்தோ வேறொரு தரவுத்தளத்திலிருந்தோ வந்தால்தான் உங்கள் கேள்வி எழுகிறது.

அப்போது ஹாஷ் டேபிளே பொருத்தமானது. 10,000 வாடிக்கையாளர்களும் 1,00,000 ஆர்டர்களும் இருப்பதாகக் கொள்வோம். பட்டியலை முதலிலிருந்து தேடினால் ஓர் ஆர்டருக்குச் சராசரியாக 5,000 ஒப்பீடுகள் வீதம் மொத்தம் ஏறத்தாழ 50 கோடி ஒப்பீடுகள் ஆகும். வாடிக்கையாளர் எண்ணை வைத்து ஹாஷ் டேபிளை ஒருமுறை நிரப்பிவிட்டால், ஓர் ஆர்டருக்கு ஒரு தேடல் என 1,00,000 தேடல்களில் வேலை முடிந்துவிடும். ஆனால் ஒரே எண்ணுக்குப் பல பதிவுகள் வரக்கூடுமானால், அந்த எண்ணுக்கு எதிரே ஒரு பட்டியலை வையுங்கள். இல்லாவிட்டால் பின்னால் வரும் பதிவு முன்னதை அழித்துவிடும்.

வேகத்தைவிட எனக்குக் கவலை தருவது, இரண்டு மதிப்புகள் சமமா என்பதில் தரவுத்தளமும் நிரலும் வேறுபடுவதுதான். பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாட்டைத் தரவுத்தளம் பொருட்படுத்தாத இடத்திலும் ஹாஷ் டேபிள் பொருட்படுத்தும். ஒரு பக்கம் எண்ணாகவும் மறுபக்கம் சரமாகவும் (எழுத்துத் தொடராகவும்) வந்த 42 பல மொழிகளில் ஒன்றோடொன்று பொருந்தாது. மதிப்பு இல்லை என்பதைக் குறிக்க, தரவுத்தள வினவல் மொழியான எஸ்க்யூஎல்லில் ‘நல்’ (NULL) உண்டு, பைத்தானில் ‘நன்’ (None) உண்டு; ‘நல்’ இன்னொரு ‘நல்’லுக்குச் சமமாகாது, ‘நன்’ இன்னொரு ‘நன்’னுக்குச் சமமாகும் என்பதால், வாடிக்கையாளர் எண் இல்லாத ஆர்டர்கள், எண் இல்லாத வாடிக்கையாளர் பதிவோடு பிழைச்செய்தி ஏதுமின்றிச் சேர்ந்துவிடும். ஆகவே டேபிளை நிரப்பும்போதே மதிப்புகளை ஒரே வகைக்கு மாற்றி, வெற்று மதிப்புகளை ஒதுக்கிவிடுங்கள்.

இரண்டு தேதிகளுக்கு இடைப்பட்ட ஆர்டர்களைக் கேட்கும்போதுதான் வரிசை முக்கியமாகிறது. ஹாஷ் டேபிள் அதற்கு உதவாது. தரவு மாறிக்கொண்டே இருந்தால் சமநிலை மரத்தை (கிளைகளின் உயரம் பெரிதாக வேறுபடாமல் பார்த்துக்கொள்ளும் மர அமைப்பு) பயன்படுத்துங்கள். ஏற்றிய பின் மாறாத தரவென்றால், வரிசைப்படுத்திய அணியில் (array), ஒவ்வொரு முறையும் பாதியை ஒதுக்கித் தேடும் இருமத் தேடலே போதும். 10 லட்சம் பதிவுகளிலும் ஏறத்தாழ 20 ஒப்பீடுகளில் இடம் கிடைத்துவிடும், நினைவகமும் குறைவாகவே செலவாகும்.

கேள்வி: மாத மொத்தத்தைக் கணக்கிட மட்டும் எல்லாப் பதிவுகளையும் எடுக்கிறோம். அவற்றை எந்த அமைப்பில் சேமிப்பது?

பதில்: எதிலும் சேமிக்க வேண்டாம். கூட்டுத்தொகையைத் தரவுத்தளத்திடமே கேளுங்கள். விதி சிக்கலானதென்றால் கர்சர் (விடையைச் சிறிது சிறிதாக எடுத்துத் தரும் வழி) வழியே ஒவ்வொரு பதிவாகப் படித்துக் கூட்டுங்கள். ஆனால் நிரலைத் தரவுத்தளத்தோடு இணைக்கும் மென்பொருளான டிரைவர்களில் சில, முழு விடையையும் முதலிலேயே நினைவகத்துக்குக் கொண்டுவந்துவிடும் என்பதால், விடையைத் தரவுத்தளத்திலேயே வைத்துப் பகுதி பகுதியாகத் தரும் சர்வர் பக்கக் கர்சரைத் தனியே கேட்டுப் பெற வேண்டியிருக்கும்.