எண்ணை எழுத்தாக்க எத்தனை இடம் வேண்டும்?

கேள்வி: சி மொழியில் ஓர் இன்டிஜரை (முழு எண்ணை) ஸ்ட்ரிங்காக (எழுத்து வரிசையாக) மாற்ற ஐடோவா (itoa) என்ற ஃபங்ஷனைப் பயன்படுத்தினேன். வீட்டு விண்டோஸ் கணினியில் ஓடியது, கல்லூரி லினக்ஸில் அப்படி ஒரு ஃபங்ஷனே இல்லை என்கிறது. ஏன்?

பதில்: உங்கள் மேல் தப்பில்லை. ஐடோவா சி மொழியின் தரநிலையில் கிடையாது, சில கம்பைலர்கள் (நிரலை இயந்திர மொழிக்கு மாற்றுபவை) தாங்களாகச் சேர்த்துக் கொடுப்பது அது. அதை விட்டுவிட்டு எஸ்என்பிரிண்ட்எஃப் (snprintf) எழுதுங்கள், 1999 தரநிலையிலேயே வந்துவிட்டது. பழைய எஸ்பிரிண்ட்எஃப் (sprintf) மட்டும் வேண்டவே வேண்டாம், ஏனென்றால் பஃபரில் (எழுத்துகளை வைக்க நீங்கள் ஒதுக்கிய நினைவகத்தில்) எவ்வளவு இடம் இருக்கிறது என்று பார்க்காமல் அது எழுதிக்கொண்டே போகும், இடம் தீர்ந்தால் பக்கத்து நினைவகத்தையும் அழித்துவிடும்.

சரி, பஃபர் எவ்வளவு? 10 இலக்கம்தானே என்று நிறையப் பேர் 10 போட்டுவிடுகிறார்கள், அங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். 32 பிட் இன்டிஜரில் மிகச் சிறியது -2147483648. கழித்தல் குறியோடு 11 எழுத்து, ஸ்ட்ரிங் முடிந்ததைக் காட்டும் பூஜ்ஜிய பைட் ஒன்று, ஆக 12 பைட் வேண்டும். அப்புறம், எஸ்என்பிரிண்ட்எஃப் திருப்பித் தரும் எண்ணையும் பாருங்கள்: அது பஃபர் அளவுக்குச் சமமாகவோ கூடுதலாகவோ இருந்தால் உங்கள் எண் பாதியில் வெட்டுப்பட்டிருக்கிறது.