பனிக்கட்டியாலேயே கட்டிய ஹோட்டலில் இரவு தங்க முடியுமா? குளிர் தாங்குமா?

தாராளமாகத் தங்கலாம். இதில் மிகப் பெயர்பெற்றது ஸ்வீடனின் வடகோடியில், யுக்காஸ்யார்வி என்ற சிற்றூரில் உள்ள ஐஸ்ஹோட்டல்.

வெளியே மைனஸ் 30 டிகிரிக்கு இறங்கினாலும் அறைக்குள் மைனஸ் 5 முதல் மைனஸ் 8 வரைதான் இருக்கும். சுவர்கள் பனித்தூளும் ஐஸும் கலந்த கலவை. அதில் சிக்கிய காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது. கட்டிலும் ஐஸ்தான். ஆனால் அதன்மேல் மெத்தை, கலைமான் தோல், கடுங்குளிருக்கான ஸ்லீப்பிங் பேக் எல்லாம் உண்டு.

பருத்தி உள்ளாடை மட்டும் வேண்டாம். வியர்வையை உறிஞ்சி ஈரமாகவே இருக்கும், பிறகு நடுக்கம்தான். கம்பளி தெர்மல், கம்பளிக் காலுறை, குல்லாய் போதும். தடித்த கோட்டு போட்டு ஸ்லீப்பிங் பேக்குக்குள் நுழையாதீர்கள், வியர்த்துவிடும். கைப்பேசியையும் அதற்குள்ளேயே வையுங்கள். குளிரில் சார்ஜ் சீக்கிரம் இறங்கும். கழிப்பறை சூடான பக்கத்துக் கட்டடத்தில் இருக்கும், படுக்கும் முன் போய்வந்துவிடுங்கள்.

குளிர் அறையில் ஓர் இரவு போதும் என்பது என் கருத்து. ஆனால் பகலில் நிதானமாகச் சுற்றிப் பாருங்கள். பல அறைகள் கலைஞர்கள் செதுக்கியவை. டோர்னே ஆற்றில் வெட்டியெடுத்த ஐஸ், வசந்தத்தில் உருகி ஆற்றுக்கே திரும்பும்; அடுத்த ஆண்டு வேறு வடிவம். கோடையில்தான் விடுமுறை என்றாலும் வழியுண்டு: 2016-இல் திறந்த ஒரு பகுதி, சூரிய மின்சாரத்தின் உதவியால் குளிரூட்டப்பட்டு, ஆண்டு முழுவதும் இயங்குகிறது.