அறுவடை முடியட்டும் என்கிறார் முதலாளி

கேள்வி: கும்பகோணத்தில் ஒரு சிறிய மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். நெல் வியாபாரிகளுக்கு நாங்கள் எழுதிக் கொடுத்த எடை மென்பொருள், ஒவ்வொரு மூட்டையிலும் புள்ளிக்குப் பின்னுள்ள எண்ணை விட்டுவிட்டுக் கூட்டுகிறது. ரசீதில் மொத்த எடை மட்டுமே அச்சாவதால் யாரும் கவனிக்கவில்லை. சம்பா அறுவடை நேரத்தில் கைவைத்தால் எல்லாம் நின்றுவிடும், மாசி கழியட்டும் என்கிறார் முதலாளி. வேலையை விட்டுவிடலாமா?

பதில்: உங்கள் முதலாளியின் அச்சம் வெறும் சாக்கு அன்று. மேகம் திரண்டு நிற்கையில் களத்தில் நெல்லைக் குவித்துவிட்டுக் காத்திருக்கும் விவசாயிக்கு ரசீது வராமல் போனால், அந்த இழப்பும் அவர் தலையில்தான் விழும். ரசீதில் ஊர்ப்பெயர் பிழையாக அச்சாவது போன்ற கோளாறென்றால் மாசி வரை தாராளமாகப் பொறுக்கலாம். ஆனால் இங்கே 62.7 கிலோ 62 ஆகிறது, 61.9 கிலோ 61 ஆகிறது. எந்த மூட்டையிலும் எண் மேலே போவதில்லை. நூறு கிராம் வரை காட்டும் தராசில் மூட்டைக்குச் சராசரியாக 450 கிராம் என்று வைத்தால், 100 மூட்டைக்கு 45 கிலோ, அதாவது ஏறத்தாழ முக்கால் மூட்டை நெல், விலையில்லாமல் கைமாறுகிறது.

திருத்துவதற்கும் முன்னால் இன்றே பார்க்க வேண்டிய ஒன்று உண்டு. தராசு அனுப்பும் முழு எடை தரவுத்தளத்தில் இருக்கிறதா, வெட்டிய எண்தான் இருக்கிறதா? முழு எடை இருந்தால் யாருக்கு எவ்வளவு பாக்கி என்று பின்னாலும் கணக்கிட்டுக் கொடுக்கலாம். இல்லையென்றால் அந்தச் சான்று நாள்தோறும் அழிந்துகொண்டிருக்கிறது. ஆகவே கூட்டலைத் தொடாமல், முழு எடையைத் தனியே பதிவுசெய்யும் சிறு மாற்றத்தை முதலில் கேளுங்கள். அதன்பின் ஒரே ஒரு வியாபாரியின் கடையில் பழைய கூட்டலையும் புதியதையும் சில நாள் பக்கத்தில் பக்கத்தில் ஓடவிட்டுச் சரிபார்த்தால், மற்றவர்களுக்குக் கொடுக்க மாசி வரை காத்திருக்க வேண்டியதில்லை.

பிரிட்டனில் ஹொரைசன் என்ற அஞ்சலகக் கணக்கு மென்பொருள் காட்டிய பொய்யான பற்றாக்குறையால் 1999 முதல் 2015 வரை 900க்கும் மேற்பட்டோர் குற்றவாளிகளாக்கப்பட்டார்கள். பிழை இருப்பது உள்ளே சிலருக்குத் தெரிந்தும் வெளியே சொல்லப்படாததுதான் அங்கே நேர்ந்த பெருங்கேடு. எனவே வாய்ப்பேச்சோடு விடாமல், 45 கிலோக் கணக்கோடு முதலாளிக்கு மின்னஞ்சல் எழுதுங்கள். வியாபாரிகளுக்கும் தெரிவிக்க வேண்டும் என்பதை அதிலேயே சேருங்கள். அவர் அதை மறைக்கச் சொன்னால் விலகுவதைப் பற்றி யோசிக்கலாம். இப்போதே விலகினால், பிழை எந்த வரியில் இருக்கிறது என்று தெரிந்த ஆளும் அங்கே இல்லாமல் போய்விடுவார்.